திப்னிஸ் சாலை: மக்களின் சம்மதம் எண்ணப்பட்ட விதம்

பொலிவிய அரசு 2012 டிசம்பரில் ஒரு கணக்கை முடித்தது. இசிபோரோ செக்குரே பழங்குடி ஆள்புலமும் தேசியப் பூங்காவுமான பகுதியைச் சுருக்கமாகத் திப்னிஸ் என்பார்கள். அதனுள் 69 ஊர்கள் இருப்பதாகவும், 58 ஊர்கள் கருத்துக்கேட்பில் கலந்துகொண்டதாகவும், அவற்றில் 55 ஊர்கள் காட்டின் குறுக்கே போகும் நெடுஞ்சாலைக்குச் சம்மதித்ததாகவும், 3 ஊர்கள் மட்டுமே மறுத்ததாகவும் அந்தக் கணக்கு சொன்னது. ஏறத்தாழ அதே நாட்களில் கத்தோலிக்கத் திருச்சபையும் மனித உரிமை அமைப்புகளும் சேர்ந்து அனுப்பிய குழு 36 ஊர்களுக்குப் போய் விசாரித்தது. அவற்றில் 30 ஊர்கள் சாலை வேண்டாம் என்றன.

காடும் ஒன்று, ஊர்களும் அவையே. இரண்டு கணக்கில் ஒன்று பொய் என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் எந்தக் கேள்வி, யாரிடம், எப்போது கேட்கப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வில் கற்க ஏதாவது கிடைக்கும். எங்கள் முடிவு இது: காட்டுக்குள் வரும் சாலையைப் பற்றி உள்ளூர் மக்களுக்கு ஒற்றைக் கருத்து இருப்பதில்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வர வழி வேண்டுமா என்பது ஒன்று. தங்கள் காட்டைக் கடந்து வெளியூர் லாரிகள் போகலாமா என்பது வேறொன்று. சாலை வந்தபின் அதன் இருபுறமும் நிலம் யார் கையில் இருக்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே கேள்வியாகக் கட்டி, ஆம் அல்லது இல்லை என்று சொல்லச் சொன்னால், கேட்பவருக்கு வேண்டிய பதிலே வரும்.

காடும் அதில் வாழ்பவர்களும்

பொலிவியாவின் பேனி, கோச்சபம்பா மாநிலங்களுக்கு நடுவே, ஆண்டிஸ் மலையடிவாரம் அமேசான் சமவெளியில் இறங்கும் இடத்தில் இருக்கிறது திப்னிஸ். 1965இல் தேசியப் பூங்கா ஆனது. 1990இல் பேனியின் பழங்குடிகள் த்ரினிதாத் நகரிலிருந்து லா பாஸ் வரை நடந்தே போய் உரிமை கேட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பூங்கா, பழங்குடி ஆள்புலமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு 12 லட்சம் ஹெக்டேருக்கு மேல். 2009இல் கூட்டு உரிமைப் பட்டா கிடைத்தபோது அது சுமார் 10 லட்சத்து 91 ஆயிரம் ஹெக்டேருக்குத்தான் கிடைத்தது. தெற்கே கோக்கா என்னும் இலைப்பயிரை வளர்க்கும் குடியேறிகள் ஏற்கெனவே நிலைத்துவிட்ட ஏழாம் வட்டாரம் பட்டாவுக்கு வெளியே நின்றது. குடியேற்றம் இதைத் தாண்டக் கூடாது என்று 1990களில் குறிக்கப்பட்ட எல்லைக்குச் 'சிவப்புக் கோடு' என்று பெயர்.

பட்டா பெற்றவர்கள் மோஹேன்யோ-த்ரினித்தாரியோ, சிமானே, யுராகரே மக்கள். பெரும்பாலான ஊர்கள் இசிபோரோ, செக்குரே, இச்சோவா ஆறுகளின் கரையில் உள்ளன. இவர்களின் போக்குவரத்து ஆறுதான். பள்ளி ஆசிரியர் வருவதும், நோயாளி போவதும், கொக்கோவும் வாழைத்தாரும் விற்பனைக்கு இறங்குவதும் படகில்தான். மோஹேன்யோ மக்களில் பலரின் முன்னோர், சமவெளியில் கால்நடைப் பண்ணையார்கள் நிலத்தை வளைத்தபோது அங்கிருந்து விலகி, 'புனித மேடு' என்று தாங்கள் நம்பிய இடத்தைத் தேடிக் காட்டுக்குள் வந்தவர்கள். வெளியார் வந்தால் நிலம் போகும் என்பது இவர்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் பட்ட அனுபவம். சாலை பற்றிய இவர்களது பேச்சை இதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

தெற்கே இருப்பவர்களின் நிலை வேறு. 1980களின் நடுவில் அரசுச் சுரங்கங்கள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தபோது, மேட்டுநிலத்துக் கெச்சுவா, அய்மாரா குடும்பங்கள் பல சபாரே பகுதிக்கு இறங்கி வந்தன. கோக்காவும் வாழையும் ஆரஞ்சும் அவர்களுக்குச் சோறு போட்டன. ஒருநாள் தாமதமானால் அழுகிப்போகும் பழத்தை விற்பவருக்குச் சாலை ஆடம்பரம் ஆகாது. அவர்களைக் காட்டின் பகைவர்களாக மட்டும் எழுதிவைப்பது நேர்மையான ஆய்வாக இருக்காது.

இந்த இரு தரப்புக்கும் நடுவில், பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. குடியேற்றப் பகுதிக்குள்ளும் அதன் விளிம்பிலும் சிக்கிக்கொண்ட யுராகரே, த்ரினித்தாரியோ ஊர்கள். பல குடும்பங்கள் தனித்தனித் துண்டு நிலத்துக்கு மாறிவிட்டன. கோக்காத் தோட்டத்தில் கூலி வேலைக்கும் போகின்றன. இவர்களின் அமைப்பான கோனிசூர், சாலை வேண்டும் என்று வெளிப்படையாகவே போராடியது. பழங்குடி என்றால் சாலையை எதிர்ப்பவர் என்ற பொதுக்கருத்து இங்கே உடைகிறது.

306 கிலோமீட்டரும் மூன்று துண்டும்

திட்டமிட்ட சாலை வில்லா துனாரியிலிருந்து சான் இக்னாசியோ தே மோஹோஸ் வரை, 306 கிலோமீட்டர். கோச்சபம்பாவிலிருந்து பேனிக்குப் போக நேரான சாலை இல்லை. சாந்தா குரூஸ் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தச் சுற்றைக் குறைப்பது நாட்டளவில் நியாயமான தேவைதான். 2008 ஆகஸ்டில் பிரேசிலின் ஓ.ஏ.எஸ். நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. மதிப்பு 41.5 கோடி டாலர். அதில் 33.2 கோடியைப் பிரேசிலின் தேசிய வளர்ச்சி வங்கி கடனாகத் தருவதாக ஏற்பாடு.

பணி மூன்று துண்டாகப் பிரிக்கப்பட்டது. வில்லா துனாரி முதல் இசினுத்தா வரை 47 கிலோமீட்டர். இசினுத்தா முதல் மோந்தே கிராந்தே வரை 177 கிலோமீட்டர். காட்டைக் கடப்பது இந்தத் துண்டுதான். மோந்தே கிராந்தே முதல் சான் இக்னாசியோ வரை 82 கிலோமீட்டர். சுற்றுச்சூழல் உரிமம் முதல் துண்டுக்கும் மூன்றாவது துண்டுக்கும் மட்டும் 2010இல் தனியாக வழங்கப்பட்டது. நடுத்துண்டைத் தொடவே இல்லை. சாலைத் திட்டங்களில் உலகெங்கும் பார்க்கும் வழிமுறை இது. இரு முனைகளையும் கட்டி முடித்துவிட்டால், "இவ்வளவு செலவழித்தபின் நடுவில் நிறுத்தலாமா" என்ற கேள்வியே நடுத்துண்டுக்கு வாதமாகிவிடும். உரிமத்தில் கையெழுத்துக்கான நெருக்கடி முற்றிய நிலையில், சுற்றுச்சூழல் துணை அமைச்சராக இருந்த குவான் பாப்லோ ராமோஸ் 2010இல் பதவி விலகினார்.

வேலை 2011 ஜூனில் தொடங்கியது. அதுவரை மக்களிடம் முறைப்படி யாரும் கேட்கவில்லை. பொலிவியா பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை 1991இலேயே ஏற்ற நாடு. 2009 அரசியலமைப்பின் 30ஆம் பிரிவும் பழங்குடிகளிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்பதை உரிமையாக்கியிருந்தது. கேட்காவிட்டாலும் மக்கள் தாங்களாகவே பதில் சொல்லியிருந்தார்கள். 2010 மே மாதம் இசிபோரோ ஆற்றங்கரையின் சான் பாப்லோவில் ஊர்த்தலைவர்களான கொரெஹிதோர்களின் பேரவை கூடி, காட்டைக் கடக்கும் சாலையை நிராகரித்தது. ஆள்புலம் முழுவதற்குமான முடிவை எடுக்கும் உரிமை அந்த மக்களின் வழக்கப்படி இந்தப் பேரவைக்குத்தான் உண்டு. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் அவசியம்.

சாலைக்கு எவ்வளவு காடு போகும் என்பதிலும் இரண்டு கணக்கு உண்டு. 177 கிலோமீட்டருக்கு 50 மீட்டர் அகலம் வெட்டினாலும் 885 ஹெக்டேர்தான். பட்டா நிலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டுபவர்கள் சொல்லும் கணக்கு இந்த வகைதான். ஆனால் அமேசான் காட்டழிவை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, அழிவில் 95 விழுக்காடு சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ படகு போகும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ நிகழ்ந்திருப்பதைக் காட்டியது. சட்டப்படி போட்ட ஒவ்வொரு கிலோமீட்டர் சாலைக்கும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் அனுமதியற்ற கிளைச் சாலை இருந்தது. அந்த 5.5 கிலோமீட்டரை இருபுறமும் வைத்துப் பெருக்கினால் 177 கிலோமீட்டர் சாலையின் பிடிக்குள் வருவது சுமார் 1,94,700 ஹெக்டேர். அதாவது பட்டா நிலத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். குடியேற்றத்தின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்த பொலிவிய ஆய்வு ஒன்று, சாலை வந்தால் 18 ஆண்டுகளில் பூங்காவின் காட்டில் சுமார் 64 விழுக்காடு போய்விடும் என்று 2011இல் கணித்தது.

யார் எதைச் சொன்னார்கள்

ஆற்றங்கரை ஊர்களின் எதிர்ப்பைப் "பழமையைக் காக்கும் மனநிலை" என்று சுருக்கியவர்கள் உண்டு. அவர்கள் சொன்ன காரணங்கள் அப்படி இல்லை. முதலாவது, சாலையின் தடம் அவர்கள் ஊர்களுக்குப் பக்கத்தில் வரவே இல்லை. இசிபோரோ, செக்குரேயின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஊரிலிருந்து சாலைக்குப் போவதே ஒரு பயணம். அவர்கள் கேட்டது படகு இன்ஜின், எரிபொருள், மருந்தோடு கூடிய சுகாதார நிலையம், ஒழுங்காக வரும் ஆசிரியர். இரண்டாவது காரணம் நிலம். தெற்கே சாலை நீண்ட இடமெல்லாம் குடியேற்றம் பின்னாலேயே போனதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். பட்டா காகிதத்தில் இருக்கிறது, சாலையோரம் இறங்கும் ஆயிரம் குடும்பத்தைத் தடுக்கப் பூங்காக் காவலர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது, கேட்காமல் தொடங்கியது. சாலை வேண்டும் என்று நினைத்த சில ஊர்களும் இந்த ஒரு காரணத்துக்காகவே எதிர்ப்பில் சேர்ந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எதிர்ப்பின் தலைமை கோச்சபம்பாவையும் பேனியையும் இணைப்பதையே மறுக்கவில்லை. காட்டின் நடுவே வேண்டாம், சுற்றி வேறு தடம் பாருங்கள் என்பதுதான் அதன் நிலை. மாற்றுத் தடங்களை நீளம், செலவு, வெள்ளம், பாதிக்கப்படும் ஊர்கள் என்று ஒப்பிட்டு மக்கள் முன் வைத்திருந்தால் வழக்கில் பாதி குறைந்திருக்கும். வைக்கவில்லை.

சாலையை ஆதரித்த கோனிசூர் ஊர்களின் வாதமும் பொய்யானதல்ல. பிரசவ வேதனையில் இருப்பவரையும் பாம்பு கடித்தவரையும் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய தூரம் அவர்களுக்குத் தெரியும். குடியேற்றம் அவர்கள் நிலத்தை ஏற்கெனவே சூழ்ந்துவிட்டது. சாலை வந்தால் காடு போகும் என்ற இழப்பு அவர்களைப் பொறுத்தவரை நடந்து முடிந்த கதை. மிச்சமிருப்பது சாலையால் வரும் ஆதாயம் மட்டும். ஓர் ஊர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே அதன் கருத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எனவே சாலைத் தடத்தை ஒட்டிய ஊர்களில் மட்டும் கேட்டால் ஆதரவு கூடும். தள்ளி இருக்கும் ஊர்களில் மட்டும் கேட்டால் எதிர்ப்பு கூடும்.

நடைபயணமும் இரண்டு சட்டமும்

2011 ஆகஸ்ட் 15 அன்று த்ரினிதாத்திலிருந்து எட்டாவது பழங்குடி நடைபயணம் புறப்பட்டது. செப்டம்பர் 25 அன்று யுக்குமோவுக்கு அருகே சபரீனா என்னும் இடத்தில் காவல்துறை முகாமுக்குள் புகுந்து மக்களை அடித்து, கட்டி, பேருந்துகளில் ஏற்றியது. நாடே கொதித்தது. பாதுகாப்பு அமைச்சர் சிசிலியா சாக்கோன் மறுநாளே எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். உள்துறை அமைச்சரும் அடுத்து விலகினார். அக்டோபர் 19 அன்று நடைபயணம் லா பாஸ் வந்தபோது நகரமே தெருவில் நின்று வரவேற்றது. அக்டோபர் 24 அன்று 180ஆம் சட்டம் வந்தது. சாலை திப்னிஸைக் கடக்காது என்றது. கூடவே அந்தப் பகுதி 'தொடக்கூடாத' பகுதி என்றும் அறிவித்தது.

வெற்றியின் இந்த இரண்டாம் பாதியே பிறகு மக்களுக்கு எதிராகத் திரும்பியது. தொடக்கூடாத பகுதி என்ற நிலையை அரசு கடுமையாகப் பொருள்கொண்டது. ஊர்கள் அனுமதி பெற்று அளவோடு நடத்திவந்த மரம் வெட்டும் திட்டம், கெய்மன் முதலைத் தோல் விற்பனை, சுற்றுலா எல்லாவற்றின் மேலும் கேள்வி விழுந்தது. சாலையைத் தடுத்த சட்டமே பிழைப்பையும் தடுக்கிறது என்று ஊர்களில் பேச்சு எழுந்தது. பாதுகாப்புச் சட்டம் கேட்பவர்கள் எல்லாரும் இங்கே நின்று பார்க்கவேண்டும்: எது தடை, எது தொடரும் என்று வேலை வேலையாகப் பெயர் சொல்லி எழுதாத பாதுகாப்பு, எழுதாத இடத்தில் எதிராளியின் கைக்குப் போய்விடும்.

கோனிசூர் எதிர்நடைபயணம் நடத்தி 2012 தொடக்கத்தில் லா பாஸ் வந்தது. பிப்ரவரி 10 அன்று 222ஆம் சட்டம் கருத்துக்கேட்புக்கு உத்தரவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றரை ஆண்டு கழித்து வந்த கருத்துக்கேட்பைச் சட்டம் 'முன்கூட்டியது' என்றே அழைத்தது. ஏப்ரலில் ஓ.ஏ.எஸ். ஒப்பந்தத்தை அரசு ரத்து செய்தது. அதே மாதம் ஒன்பதாவது நடைபயணம் புறப்பட்டது. ஜூனில் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், மக்களோடு கலந்து நடைமுறையை ஒத்துக்கொண்ட பிறகே கேட்பு நடக்கலாம் என்ற நிபந்தனையோடு சட்டத்தை ஏற்றது. அந்த ஒத்துழைப்பு கிடைக்காமலே ஜூலை 29 அன்று குழுக்கள் படகேறின.

கேட்பு எங்கே பிசகியது

முதல் பிசகு கேள்வியில். இந்தப் பகுதி தொடக்கூடாததாக இருக்கவேண்டுமா, வேண்டாமா, சாலை வரலாமா, வந்தால் என்ன பாதுகாப்பு ஏற்பாடு. இவை எல்லாம் ஒரே அமர்வில் வந்தன. 'தொடக்கூடாதது' வேண்டும் என்றால் உங்கள் தோட்டமும் வேட்டையும் மரமும் நிற்கும் என்று விளக்கப்பட்ட ஊரில், அந்த நிலை வேண்டாம் என்று சொல்வதுதான் இயல்பு. 58 ஊர்களில் 57 ஊர்கள் அப்படிச் சொன்னதாக அரசே எழுதியது. அதிலிருந்து சாலைக்குச் சம்மதம் என்ற இடத்துக்கு ஒரு சிறு தாவல்தான்.

இரண்டாவது, எண்ணும் அலகில். பேரவையாகக் கூடி முடிவெடுக்கும் மக்களை ஊர் ஊராகப் பிரித்துக் கேட்டார்கள். பட்டாவில் பங்கில்லாத ஏழாம் வட்டாரத்து ஊர்களும் பட்டியலில் சேர்ந்தன. கூட்டுப் பட்டாவுக்கு உரிய ஊர்கள் 64 என்று ஆள்புல அமைப்பு சொல்ல, அரசின் பட்டியல் 69 ஆனது. வகுக்கும் எண் மாறினால் விழுக்காடும் மாறும். கலந்துகொள்ள மறுத்த 11 ஊர்கள் எதிர்ப்புக் கணக்கிலும் வரவில்லை. குந்தோனோவியா போன்ற ஊர்கள் அரசுக் குழுவின் படகு வராமல் ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டின. அதைவிடத் தெளிவான மறுப்பு எப்படி இருக்கமுடியும்? ஆனாலும் அட்டவணையில் அது "பங்கேற்கவில்லை" என்ற கட்டத்துக்குள் போனது.

மூன்றாவது, கேட்பதற்கு முன்னால் கொடுத்தது. படகு இன்ஜினும் பிற அரசு உதவிகளும் கேட்பையொட்டி ஊர்களுக்கு வந்ததை, பின்னால் போன மனித உரிமைக் குழு பதிவு செய்தது. அவை மக்களுக்கு உரிமையாக வந்திருக்கவேண்டியவை. வேண்டாம் என்று சொல்ல எந்த ஊருக்கும் காரணமில்லை. ஆனால் சுகாதார நிலையமும் சம்மதமும் ஒரே படகில் வந்து இறங்கும்போது, இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்றுதான் ஊர் புரிந்துகொள்ளும். அடிப்படை வசதியைச் சாலைக்கான விலையாக்கியதுதான் இந்தக் கேட்பில் நடந்த மிகப்பெரிய அநீதி என்பது எங்கள் கருத்து.

2017 ஆகஸ்டில் 969ஆம் சட்டம் 180ஆம் சட்டத்தை நீக்கியது. அதற்கு 2012 கேட்பின் முடிவே ஆதாரமாகக் காட்டப்பட்டது. தவறாகக் கேட்ட கேள்வி ஐந்து ஆண்டு கழித்தும் வேலை செய்தது.

எகுரி: சாலை கேட்டவர்களே நெடுஞ்சாலையை மறுத்தபோது

மூன்று கருத்தும் எப்படித் தனித்தனியாக நிற்கும் என்பதற்கு நைஜீரியாவின் கிராஸ் ரிவர் மாநிலம் நல்ல சாட்சி. தேசியப் பூங்காவை ஒட்டி, சுமார் 33,600 ஹெக்டேர் ஊர்க்காட்டை எகுரி மக்கள் தாங்களே நிர்வகிக்கிறார்கள். 2004இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது பெற்ற முயற்சி இது. முன்பு ஒரு மரவெட்டு நிறுவனம், காட்டை வெட்டக் கொடுத்தால் ஊருக்குச் சாலை போட்டுத் தருவதாகச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். சாலை வேண்டாம் என்று அல்ல. அந்த விலைக்கு வேண்டாம் என்று. பிறகு ஊர்க்காட்டின் வருமானத்தையும் வெளி உதவியையும் வைத்துத் தங்களுக்கான சாலையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

2015 அக்டோபரில் அதே மாநிலத்தில் 260 கிலோமீட்டர் ஆறு வழி நெடுஞ்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் சாலையின் இருபுறமும் 10 கிலோமீட்டர் நிலத்தின் உரிமையை ரத்து செய்து அரசிதழ் அறிவிப்பு வந்தது. பெருக்கிப் பாருங்கள்: 260 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் அகலம் என்றால் 5,200 சதுர கிலோமீட்டர், மாநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. சாலை போட 20 கிலோமீட்டர் அகலம் எதற்கு என்ற கேள்வியே எதிர்ப்பின் மையமானது. எகுரியும் பிற ஊர்களும் வழக்கும் மனுவுமாக நின்றதில், 2017இல் மாநில அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது, தடமும் மாற்றப்பட்டது.

திப்னிஸின் வடக்கு ஊர்களும் எகுரியும் சொன்னது ஒன்றே. போய்வர வழி வேண்டும். நிலத்தின் பிடியைக் கைவிட்டு அல்ல. சுமத்ராவின் கெரிஞ்சி செப்லாத் தேசியப் பூங்காவில் கேள்வியின் முகம் மட்டும் மாறியது. அங்கே உள்ளாட்சிகள் நிலநடுக்கத்தின்போது தப்பிச் செல்லும் வழி என்று காட்டுச் சாலைகளைக் கேட்டன. மக்களின் அச்சமும் உண்மையானதே. அந்தத் திட்டங்களும் சேர்ந்துதான் 2011இல் சுமத்ரா மழைக்காட்டு உலகப் பாரம்பரியக் களத்தை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கவைத்தன.

களத்தில் எப்படிக் கேட்கவேண்டும்

தடம் முடிவாகும் முன், ஒப்பந்தம் போடும் முன் கேட்கவேண்டும் என்பது அடிப்படை. நடைமுறையில் அதற்குப் பொருள், குறைந்தது இரண்டு தடங்களும் சாலையே இல்லாத ஒரு வழியும் மேசையில் இருக்கவேண்டும். 'சாலை இல்லாத வழி' என்பது வெறும் மறுப்பாக இருக்கக் கூடாது. படகுப் போக்குவரத்து, எரிபொருள் மானியம், அவசர மருத்துவ விமானம், சுகாதார நிலையம் என்று செலவோடு எழுதிய திட்டமாக இருக்கவேண்டும். அதே பணம் எதில் அதிகம் உதவும் என்று மக்களால் அப்போதுதான் ஒப்பிட முடியும்.

கேள்விகளைப் பிரிக்கவேண்டும். ஊருக்கு வழி, கடந்துபோகும் சாலை, நில உரிமை மூன்றும் மூன்று தனி அமர்வு. மூன்றுக்கும் தனித் தீர்மானம். சட்டமும் இப்படிப் பிரிக்கலாம். இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் பள்ளி, மருந்தகம், சாலை போன்ற ஊர் வசதிகளுக்குத் தனி வழி வைத்திருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபையின் பரிந்துரை கட்டாயம். ஒரு ஹெக்டேர் என்பது 4 மீட்டர் அகலச் சாலைக்கு இரண்டரை கிலோமீட்டர் நீளம். ஓர் ஊரை அருகிலிருக்கும் சாலையோடு சேர்க்கப் பல இடங்களில் அது போதும். காட்டைக் கடக்கும் நெடுஞ்சாலைக்கு ஒருபோதும் போதாது. எல்லை அங்கேயே வந்துவிடுகிறது.

தடத்தைத் தாளில் மட்டும் காட்டினால் புரியாது. 1:50,000 அளவு வரைபடத்தில் மக்கள் தங்கள் தோட்டம், வேட்டைப் பாதை, மீன்பிடி மடு, இடுகாடு, உப்பு மண் இருக்கும் இடம் ஆகியவற்றைத் தாங்களே குறித்தபின், அதன் மேல் தடத்தை வரையவேண்டும். பிறகு ஊரார் சிலரோடு தடத்தில் நடந்து, சிறு இடைவெளி விட்டு முளைகள் அடித்துக் காட்டவேண்டும். தாளில் "ஆம்" என்ற ஊர் முளையைப் பார்த்தபின் "இந்த ஓடைக்கு மேலே வேண்டாம்" என்று சொல்வது சாதாரணம். அந்தத் திருத்தம்தான் கேட்பின் உண்மையான பலன்.

ஒரே கூட்டத்தில் முடிக்கக் கூடாது. தகவல் சொல்லும் கூட்டத்துக்கும் முடிவெடுக்கும் கூட்டத்துக்கும் நடுவே சில வாரங்களாவது வேண்டும்; அந்த இடைவெளியில் திட்டக்காரர்கள் யாரும் ஊரில் இருக்கக் கூடாது. பெண்களின் அமர்வைத் தனியாக வைக்கவேண்டும். சாலையோர மதுக்கடை, பாலியல் தொல்லை, தண்ணீர்த்துறை கலங்குவது, விறகுக்கு நடக்கும் தூரம் போன்றவை பொதுக்கூட்டத்தில் மேலே வருவதில்லை. பருவமும் முக்கியம். வெள்ளக் காலத்தில் படகு போகும் ஊர்கள் வேறு, வறண்ட காலத்தில் போகும் ஊர்கள் வேறு. சிமானே குடும்பங்களைப் போல இடம் மாறி வாழ்பவர்களை ஒரே வாரத்தில் போய் எண்ணினால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள்.

பதிவேட்டில் மூன்று தாள் தனித்தனியாக இருக்கட்டும்: வருகைக் கையெழுத்து, பேசியவற்றின் குறிப்பு, தீர்மானம். வருகைக் கையெழுத்தே சம்மதக் கையெழுத்தாக மாற்றப்படுவதுதான் எல்லா இடத்திலும் மிக அதிகமாக நடக்கும் மோசடி. தீர்மானத்தை அவர்கள் மொழியில் உரக்கப் படித்து, ஒலிப்பதிவு செய்து, ஒரு நகலை அங்கேயே ஊரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும். நிபந்தனையோடு சொன்ன "ஆம்" என்பதை நிபந்தனையோடுதான் எண்ணவேண்டும். நிபந்தனை நிறைவேறாத நாளில் சம்மதமும் காலாவதியாகும் என்று தீர்மானத்திலேயே எழுதவேண்டும். கலந்துகொள்ள மறுத்த ஊருக்குத் தனிக் கட்டம், காரணத்தோடு.

மக்கள் சம்மதித்துச் சாலை வந்தால் அதன் பிறகும் நிலக் கேள்வி தீர்வதில்லை. சாலையை மறிக்கும் சங்கிலிக் கதவு யார் கையில், இரவில் லாரி போகலாமா, கிளைச்சாலை வெட்டினால் எத்தனை நாளில் யார் மூடுவது, காவலர் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பவை முதல் இயந்திரம் இறங்கும் முன்பே முடிவாகவேண்டும். சாலையோர நிலத்தின் பட்டா முதலில், தார் பிறகு. திப்னிஸில் கூட்டுப் பட்டா 2009இல் வந்தது, ஒப்பந்தம் அதற்கு முந்தைய ஆண்டே கையெழுத்தாகிவிட்டது.